எருமைக்கு ஒரு பிரசங்கம்

ஜப்திக்காரர்கள் வருவதைச் சொல்லும் முரசுச் சத்தம் கேட்டதும் ஊர் முழுக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல டாஹியின் வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போனாள். வழக்கத்துக்கு மாறாக, உள்ளே டாஹியோடும் ஜமனா எருமையோடும் சூரத்து வக்கீல் ஹரிவதன்ராயும் மாட்டிக்கொண்டார். வரிகொடா இயக்கத்தில் அஞ்சாமையைப் பற்றி மாலையில் பேச வந்தவர், முரசு கேட்டவுடன் முதலில் திறந்திருந்த கதவுக்குள் பாய்ந்திருந்தார்.

வெள்ளைக்காரன் உயர்த்திய நிலவரியைக் கட்டுவதில்லை என்று ஊர் சத்தியம் செய்து மூன்று மாதம். அதற்காக டாஹியின் புருஷன் பர்பு ஜெயிலில். ஜப்திக்காரர்களுக்குப் பயந்து ஜமனாவும் வீட்டுக்குள்ளேயே சிறை. வெயில் படாமல் தோல் வெளுத்து ஒரு துரைசாணிக் களை வந்திருந்தது. அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், பூட்டிய வீடு காலி வீடல்ல என்று தெரிந்துவிடும். உள்ளறையில் தூங்கும் டாஹியின் இரண்டு குழந்தைகளுக்கும் இருக்கிற ஒரே பால் அதோடு போய்விடும்.

ஜப்திக்காரர்கள் எதிர் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். ஜமனா கழுத்தை நீட்டினாள்.

டாஹி வக்கீலின் காதோரம் குனிந்தாள். “இது கத்தப் போவுது வக்கீலய்யா. ஆம்பளக் குரல் கேட்டா அடங்கிடும். அவரு கறக்கையில ஏதாச்சும் பேசிக்கிட்டே இருப்பாரு. நீங்க பேசுங்க.”

“எருமைகிட்ட நான் என்னம்மா பேசறது?”

“எங்ககிட்ட பேச வச்சிருந்தீங்கல்ல, அதையே பேசுங்க. மெதுவா.”

அவர் தொண்டையைச் செருமப் போய், அடக்கிக்கொண்டார். சகோதர சகோதரிகளே என்று கிசுகிசுத்தார். ஜமனா காதை ஆட்டினாள். ஏகாதிபத்தியத்துக்கு அசைபோட்டாள். புள்ளிவிவரங்களுக்குச் சாணி போட்டாள். இவ்வளவு பொறுமையான கூட்டம் அவருக்குச் சூரத்தில்கூட வாய்த்திருக்காது. ஆனால் உரக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் வரும் பிரசங்கம், கைதட்டல் இல்லாமல் கிசுகிசுத்தால் கால் மணிக்கே வந்தது. வெளியே இரண்டாவது பீடி. ஜமனா மறுபடி கழுத்தை நீட்டினாள்.

“நிறுத்தாதீங்க,” என்றாள் டாஹி.

வக்கீலிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. கொம்பைப் பிடித்துக்கொண்டு, மேடை முழக்கம் எதுவும் இல்லாத ஒரு குரலில் ஆரம்பித்தார்.

“எனக்கு ஜெயில்னா பயம்மா. மூணு தடவ கைதாகணும்னு கெளம்பிட்டேன். மூணு தடவயும் ஏதோ ஒரு கேஸ் இருக்குன்னு சொல்லி வீட்லயே நின்னுட்டேன். என் பொண்டாட்டிக்குத் தெரியும். அவ ஒண்ணும் சொல்லல. அதான் தாங்க முடியல.”

ஜமனா அவர் தொப்பியை ஒருமுறை நக்கிப் பார்த்தாள். டாஹிக்குச் சிரிப்பு வரவில்லை. கைதாவதற்கு முந்தின நாள் பர்பு செம்பில் பால் நிறைந்த பிறகும் எழுந்திருக்காமல் ஜமனாவின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு வெகுநேரம் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. என்ன பேச்சு என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, மடியில் உண்ணி என்றிருந்தான்.

வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது. யாரோ பூட்டைப் பிடித்து ஆட்டினார்கள். வக்கீல் பேச்சை நிறுத்தவில்லை. குரல்தான் மூச்சளவுக்கு இறங்கியது. டாஹி மறுபக்கம் நின்று ஜமனாவின் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். அசைபோட்ட தீனி ஒரு கவளம் கைக்கடியில் மெல்ல இறங்கிப் போனது. பிறகு, கத்தலுக்குப் பதில், இன்னொரு கவளம் மேலே ஏறி வந்தது.