நாலு மணிக்கு மேல் பார்த்த நிறம்

ஆவடியில் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக நான் துணி சோதிக்கிறேன். இந்த ராஜகுமாரி பாஸ் போட்டால் பாஸ். சிவப்பு சாக்பீஸால் குறுக்கே கோடு இழுத்தால் யார் வந்து சொன்னாலும் அந்தத் துணி திரும்பித்தான் போகும். அப்பேர்ப்பட்ட என் கண்ணை ஒரு பறவை விஷயத்தில் வரதண்ணன் நம்ப மாட்டேன் என்றால் எனக்கு எரியுமா எரியாதா?

வரதண்ணன் எங்கள் பிரிவில் மூத்த டெய்லர், குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டுக்காரர். நான் திருப்பி அனுப்பிய துணியில் பாதி அவர் தைத்ததாகத்தான் இருக்கும். திருப்பும் துணியோடு ஒரு சீட்டு போகும். மேலே சோதித்தவர் கையெழுத்து, கீழே தப்பை ஒப்புக்கொண்டு தைத்தவர் கையெழுத்து. இரண்டும் இல்லாமல் சீட்டு செல்லாது. ஒவ்வொரு தடவையும் அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் போடுவார்.

விஷயம் இதுதான். டிசம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரர் உத்தமனும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். தண்ணீருக்குள் தலையை விட்டபடி பெரிய பறவை ஒன்று தனியாக நின்றது. உடம்பு முழுக்க ரோஸ். போனில் படம் எடுத்து, ‘நம் ஏரிக்குப் பூநாரை வந்திருக்கிறது’ என்று நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். குழுவே கொண்டாடியது. குழுவை நடத்தும் நிவேதிதா, ‘இங்கே பூநாரையை முதலில் கண்டவர் ராஜகுமாரி’ என்று ஏரி வாசலில் பலகையே வைத்துவிடலாம் என்றாள். பெயிண்டரிடம் சொல்லியாகிவிட்டது, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பலகை ஏறும். வரதண்ணன் மட்டும், ‘அது சங்குவளை நாரை’ என்று, ஏரிக்கு வழக்கமாக வரும் வெள்ளை நாரையின் பெயரை ஒற்றை வரியாகப் போட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காணும் பொங்கலுக்குப் பழவேற்காடு போவோம், அங்கே பூநாரை கூட்டம் கூட்டமாக வரும், நேரிலேயே பார்த்துவிடலாம் என்று உத்தமன் கார் ஏற்பாடு செய்தார். என்னைக் கேட்காமல் வரதண்ணனையும் கூப்பிட்டிருந்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு, வரட்டும், அசல் பூநாரையைப் பார்த்துவிட்டு என்னிடம் வாய் திறக்கட்டும் என்று நானே அவருக்கும் சேர்த்துப் புளிசாதம் கட்டினேன்.

செங்குன்றம், காரனோடை, பொன்னேரி என்று வழியெல்லாம் என் மகள் கனிமொழி ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், எட்டு வயதுப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு கொக்குக்கும் கத்தினாள். உண்மையைச் சொன்னால் நானும்தான். பழவேற்காட்டுப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து பளபளத்தது, நானும் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினேன். கடற்கரையில் திருவிழாக் கூட்டம். யாரையும் கடலில் இறங்க விடாமல் போலீஸ் விசில் ஊதிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு வழி காட்ட அப்துல் ரசாக் என்ற மீனவரை உத்தமன் பேசி வைத்திருந்தார். பறவை இருக்கும் இடத்துக்கு வண்டி போகாது, மணலில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், அப்புறம் சேறு என்றார் அவர். நடந்தோம். கரை நெடுக சிவப்பு நண்டுகள், நாங்கள் நெருங்கினால் மொத்தமாக மறையும், தாண்டியதும் மொத்தமாக எட்டிப் பார்க்கும். ஒரு செம்பருந்து எங்கள் கண்ணெதிரே மீனைக் கொத்திக்கொண்டு எழும்பியது. கனிமொழி என் கையைக் கிள்ளியே விட்டாள். சேற்றில் உத்தமனின் ஒரு செருப்பு உள்ளே போனது, தோண்டித் தோண்டிப் பார்த்தும் வரவில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே அந்த மனிதர் நடந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. வரதண்ணனும் சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாக அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டேன், கோபம் இருப்பதே மறந்து போனது.

அப்துல் ரசாக் சட்டென்று கையைத் தாழ்த்தி உட்காரச் சொன்னார். தூரத்துத் தண்ணீரில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு.

“அதோ அக்கா. ஆயிரத்துக்குக் கொறையாது.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெள்ளையாக அல்லவா இருக்கிறது என்று கேட்டேன். பைனாகுலரைக் கொடுத்து நன்றாகப் பார்க்கச் சொன்னார். நீண்ட கழுத்து, நுனி கறுத்து வளைந்த மூக்கு, ரோஸ் நிறக் குச்சிக் கால்கள். எல்லாம் சரிதான். உடம்பு மட்டும் உச்சி வெயிலில் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆளை ஏமாற்றி வேறு பறவையைக் காட்டுகிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

அப்போது மேலே அந்தச் செம்பருந்தோ வேறு ஒன்றோ வட்டம் போட்டது. கூட்டம் மொத்தமும் தண்ணீரில் தடதடவென்று ஓடி எழும்பியது. இறக்கை விரிந்தது. உள்ளே அத்தனை சிவப்பு, ஓரத்தில் கறுப்புப் பட்டி. சாதாரண வெள்ளை ஓவர்கோட்டுக்குள் யாரோ பட்டு லைனிங் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆயிரம் லைனிங் ஒரே நேரத்தில் எங்கள் தலைக்கு மேல் திரும்பியது. நான் எழுந்து நின்று கத்தினேன், அழுதேன், சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே மறுபடி கத்தினேன். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

கூட்டம் தள்ளிப் போய் இறங்கியது. வரதண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இத்த பாத்துட்டு நான் இன்னாத்துக்கும்மா உன்கூட மல்லுக்கு நிக்கணும்? நீ பாத்ததும் பூநாரையாவே இருந்துட்டு போவுது. ஞாயித்துக்கெயம பலகைய நானே புடிச்சிக்கினு நிக்கிறேன்.”

இதற்காகத்தானே இரண்டு வாரம் காத்திருந்தேன். மனம் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஏதோ நெருடியது. அசல் பூநாரை மத்தியான வெயிலில் வெள்ளை. என்னுடையது உடம்பு முழுக்க ரோஸ். அசலைவிட அதிகமாக அது எப்படிச் சிவக்கும்? போனைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தேன். நேரம் ஐந்து நாற்பத்தெட்டு. தண்ணீரும் ரோஸ், நடைபாதையும் ரோஸ். ஓரத்தில் உத்தமன் பாதி தெரிந்தார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, நான்தான் துவைத்து மடித்து வைத்தது. படத்தில் அதுவும் ரோஸ். ரோஸை மறந்துவிட்டுப் பார்த்தால் பறவையின் மார்பில் கறுப்புப் பட்டை, இங்கே ஒரு பூநாரைக்கும் இல்லாதது.

எங்கள் பிரிவில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி, நாலு மணிக்கு மேல் ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது. சாயங்கால வெயில் எந்தத் துணியையும் பொய் சொல்ல வைக்கும். புதிதாக வரும் பெண்களுக்கு அதைச் சொல்லி, மீறினால் காதைத் திருகாத குறையாகத் திட்டுபவள் நான். அந்த நான்தான் ஆறு மணி வெயிலில் ஒரு பறவைக்கு நிறம் பார்த்து, குழுவில் இருநூறு பேருக்கு முன்னால் பாஸ் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பலகையில் என் பெயரை நினைத்துக் கொஞ்சம் ஏக்கமாகவும் இருந்தது. பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, எதிர்த்த ஒரே ஆளும் இறங்கி வந்தாயிற்று.

“வேணாம்ணே. அது உங்க சங்குவளை நாரைதான். சாயங்கால வெளிச்சத்துல கலர் பாத்துட்டேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் நான் தப்பு என்று என் வாயால் சொல்லி அவர் கேட்டதில்லை.

கனிமொழியிடம் போனைக் கொடுத்து, படத்தின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். மேலே சோதித்தவர் என்று என் பெயரை எழுதினேன்.

“கீய யாரு கையெயுத்து?” என்றார் வரதண்ணன். அவர் குரலில் கிண்டல் இல்லை.

“தைச்சவங்க கையெழுத்து. இதத் தைச்சதும் நான்தானே.”

சேற்று விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, கீழேயும் ராஜகுமாரி என்று எழுதி, முணுமுணுக்காமல் குழுவுக்கு அனுப்பினேன்.