கிளை கழிக்க மட்டும்

நாற்பதடி உயரத்தில், இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நின்றபடி, முசெம்பி சில்வர் ஓக் மரத்தின் கொண்டையை அறுத்துக்கொண்டிருந்தான். கீழே அவன் மனைவியின் தம்பி கிமேயு, கொண்டையில் கட்டிய இன்னொரு கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான். ஒரு பக்கம் வீட்டுக்காரர் கத்தோகோவின் ஓட்டுக்கூரை, மறுபக்கம் அடுத்த வீட்டு மதில். நடுவில் ஒரு கார் நிற்கிற அளவுக்குத்தான் இடம்.

"மாப்ளே, மெல்ல விடு! ஓட்டுல பட்டுச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் வித்தாலும் கட்டாது!"

"உன்னை யாரு மாமா காசு குடுத்து வாங்குவா? கையில இருக்கிற ரம்பத்தை வேணா வாங்குவான்!"

அது உண்மைதான். பதினோரு வருஷம் அடுத்தவன் மோட்டார் ரம்பத்தை வாடகைக்கு எடுத்து, கூலியில் பாதியை அதற்கே அழுது தீர்த்தவன் முசெம்பி. போன ஜனவரியில்தான் சொந்தமாக ஒன்று வாங்கினான். வேறு யாரையும் தொட விடமாட்டான். வேலை முடிந்து வந்தால் எண்ணெய் போட்டு அதைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். 'என்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கியா' என்று மனைவி சிரிப்பாள். அந்த ரம்பம் வந்த பிறகுதான் வீட்டில் மாதக் கடைசியிலும் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

கத்தோகோ இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். புதிதாகக் கூரையில் சோலார் தகடுகள் பதித்திருந்தார். மர நிழல் மத்தியானம் வரை அவற்றின் மேலேயே கிடந்தது. போன வாரம் முசெம்பியைக் கூப்பிட்டு, "அடியோட எடுத்துரு," என்றார்.

"பெர்மிட் வாங்கிட்டீங்களா சார்?"

"அதுக்கு அலைஞ்சா மூணு மாசம் ஆகும். கிளை கழிக்கன்னு எழுதிக்கோ. நீங்க எல்லாரும் அப்படித்தானே எழுதறீங்க?"

நைரோபியில் மரம் வெட்டுகிற எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். குடியிருப்பு வாசலில் காவல்காரன் கொட்டேஷனைக் கேட்பான். கிளை கழிப்பது என்றிருந்தால் பெர்மிட் கேட்காமல் கதவைத் திறந்துவிடுவான். முசெம்பியும் இருபது தடவைக்கு மேல் அப்படி எழுதியிருக்கிறான். ஒரு வம்பும் வந்ததில்லை. கார்பன் வைத்து எழுதினான்: கிளை கழிப்பதும், கழித்ததை அகற்றி இடத்தைச் சுத்தம் செய்வதும், முப்பத்தெட்டாயிரம் ஷில்லிங். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளைத் தாள் அவருக்கு, ரோஸ் தாள் இவனுக்கு.

பதினோரு மணிக்கெல்லாம் மரம் முழங்கால் உயரத் தூராக நின்றது. முற்றமெங்கும் கட்டைகள். கிமேயு பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது நகர நிர்வாகத்தின் பிக்கப் வண்டி உள்ளே வந்தது. அக்கம்பக்கத்தில் யாரோ போன் போட்டிருக்கிறார்கள். ஒரு அதிகாரி இறங்கினார், பின்னால் இரண்டு காவலர்கள்.

"வெட்டுறதுக்குப் பெர்மிட் எங்கே?"

முசெம்பி வீட்டுப் பக்கம் திரும்பினான். கத்தோகோ படியிறங்கி வந்தார். வெள்ளைத் தாள் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

"நான் கிளை கழிக்கத்தான் கூப்பிட்டேன் ஆஃபீசர். படிச்சுப் பாருங்க. இவன் கையெழுத்துதான். மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றேன், மரத்தையே காணோம்."

"சார், நீங்கதானே அடியோட எடுக்கச் சொன்னீங்க? இந்த முற்றத்துல நின்னுதானே சொன்னீங்க?"

"நான் சொன்னதெல்லாம் இதுல இருக்கு."

"கிளை கழிக்க யாராவது முப்பத்தெட்டாயிரம் குடுப்பாங்களா? ஆஃபீசர், தொகையைப் பாருங்க. வெறும் கிளைன்னா எட்டாயிரம் தாண்டாது."

அதிகாரி தொகையைப் பார்த்தார். பிறகு கத்தோகோவைப் பார்த்தார்.

"அவன் கேட்டான், நான் ஒத்துக்கிட்டேன்," என்றார் கத்தோகோ. "மரத்துக்கு என்ன ரேட்டுன்னு எனக்கென்ன தெரியும்? ஏமாந்ததே நான்தான்."

"நான் பக்கத்துலதான் நின்னேன் சார்," என்றான் கிமேயு. "என் காதால கேட்டேன்."

"நீ யாரு இவனுக்கு?"

"மச்சினன்."

"அப்ப நீயும் ஏறிக்கிறியா?"

கிமேயு தலையைக் குனிந்துகொண்டான். முசெம்பி சட்டைப் பையிலிருந்து ரோஸ் தாளை எடுத்து நீட்டினான். அதிலும் அதே எழுத்துதான் பதிந்திருந்தது. அதிகாரி அதைப் படிக்காமலே மடித்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஒரு காவலன் ரம்பத்தைத் தூக்கிப் பிக்கப்பில் போட்டான். போட்ட வேகத்தில் சங்கிலி நழுவித் தொங்கியது.

"பார்த்து வைங்கண்ணே," என்றான் முசெம்பி. அவன் குரல் அவனுக்கே கேவலமாக இருந்தது. "எப்பக் கிடைக்கும்?"

"சாட்சிப் பொருள். கேஸ் முடியட்டும். எங்க ஸ்டோர்ல நாலு வருஷமா ஒண்ணு கிடக்கு, துரு புடிச்சு."

முசெம்பியையும் பிக்கப்பில் ஏற்றி, வலது கையில் விலங்கை மாட்டி, வண்டியின் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார்கள். பதினோரு வருஷம் பட்ட பாடு காலடியில் கிடந்தது. குனிந்து சங்கிலியைச் சரிசெய்யக்கூட அவனுக்குக் கை எட்டவில்லை.

கத்தோகோ கிமேயுவிடம் போனார். "இந்தக் கட்டையெல்லாம் யாரு எடுக்கறது? இடத்தைச் சுத்தம் பண்றதும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள துண்டு போட்டு, விறகைக் கொட்டகையில அடுக்கிரு. உனக்கு எண்ணூறு தர்றேன்."

"பேசின காசு சார்?"

"எந்தக் காசு? அபராதம் எவ்வளவு வருதுன்னு முதல்ல பார்ப்போம். எண்ணூறு வேணுமா, வேண்டாமா?"

கிமேயு வண்டியருகே வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "என்ன மாமா பண்ணட்டும்?"

செய்யாதே என்று சொல்ல முசெம்பிக்கு வாய் வரை வந்தது. வீட்டில் மாவு தீர்ந்து இரண்டு நாளாகிறது. தன்னை வெளியே எடுக்க யாராவது பஸ் ஏறி அலைய வேண்டும்.

"கோடரி பெட்ரோல் கேனுக்குப் பின்னால இருக்கு," என்றான். "காசை உங்க அக்கா கையில குடு."

வண்டி நகர்ந்தது. தெருமுனை திரும்பும்போது கோடரியின் முதல் அடி கேட்டது. இரண்டாவது அடி விழக் கொஞ்சம் தாமதமானது. அதற்குப் பிறகு நிற்கவில்லை.