மாலைத் தெருவில் ஒரு காலைக் கடை

1

இந்தக் கதையை எழுத நானாக உட்காரவில்லை. எழுதச் சொன்னார்கள். எங்கள் கார்வர்ஸ்பர்க் நகரத்தின் கடைவீதிக்கு மறுபடி உயிர் கொடுக்கப்போவதாக ஒரு குழு கிளம்பியிருக்கிறது. புது நடைபாதை, புது விளக்குக் கம்பம், புது பெஞ்சு. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் அந்த இடத்தின் கதை. ஐந்தாம் தெருவுக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, அங்கே வாழ்நாள் முழுக்க சோடா லாரி ஓட்டியவன் என்று யாரோ என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

குழுவில் கோர்ட்னி என்று ஒரு பெண். அவள்தான் வந்து கேட்டாள்.

"ஒரு பக்கம் போதும் சார். மனசுக்கு இதமா இருக்கணும். முடிவு சந்தோஷமா இருந்தா ரொம்ப நல்லது."

"நடந்ததை எழுதவா, இதமா எழுதவா?"

"ரெண்டும் ஒண்ணாவே இருக்கக் கூடாதா?"

நல்ல பெண்தான். ஆனால் அப்படிக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விளம்பரத்துக்கும் கதைக்கும் நடுவே இவர்கள் சுவர் எதுவும் எழுப்பியிருப்பதாகத் தெரியவில்லை. ஒத்துக்கொண்டேன். ஒரு பக்கத்தில் நிறுத்துவேன் என்று மட்டும் சொல்லவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"ஒரு காலத்தில் ஐந்தாம் தெருவில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அந்தப் பொற்காலத்தில்"

[நிறுத்திவிட்டேன். எல்லா ஊர்ப் பலகையிலும் இதுதான் இருக்கிறது. நான் பார்த்து அங்கே தோள் இடித்ததில்லை. என் லாரிதான் இரண்டு முறை கம்பத்தில் இடித்தது.]

அடுத்தது:

"வெர்னா கோவாலிக்கின் கைகளில் எப்போதும் இனிப்பின் மணம்"

[பொய். எண்ணெய் மணம் இருக்கலாம். அதையும் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தவன் போல எழுத வேண்டியதில்லை.]

மூன்றாவது கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொள்கிறேன். அது இதுதான்.

எங்கள் ஊரில் நான்காம் தெருவும் ஐந்தாம் தெருவும் ஒருவழித் தெருக்கள். காலையில் வேலைக்கு வருகிற கார்கள் நான்காம் தெரு வழியாக ஊருக்குள் நுழையும். சாயங்காலம் அதே கார்கள் ஐந்தாம் தெரு வழியாக வீட்டுக்கு ஓடும். வெர்னாவின் டோனட் கடை ஐந்தாம் தெருவில் இருக்கிறது. அவளுடைய மாமனார் கடையைத் திறந்தபோது தெருவில் இரண்டு பக்கமும் கார் போனது. பிறகு யாரோ வரைபடத்தில் ஒரு அம்புக்குறி போட்டார்கள். அன்றிலிருந்து, காலையில் தின்ன வேண்டிய பண்டத்தை, சாயங்காலம் வீட்டுக்கு விரைகிறவர்கள் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. மாமனார் போனார், கணவன் போனான். இப்போது வெர்னா மட்டும் உட்கார்ந்திருக்கிறாள்.

கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இந்த அம்புக்குறியால் வந்தது.

3

அடுத்த ஆளைப் பற்றி எனக்கே சந்தேகம் இருக்கிறது. ஆர்லோ டெக்கர். வெர்னாவின் கடையை ஒட்டினாற்போல் அவனுடைய பீர்க் கொட்டகை. காரை விட்டு இறங்க வேண்டாம். முன்பக்கம் நுழைந்து, வேண்டியதைச் சொல்லி, ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு, பின்பக்கச் சந்தில் வெளியேறலாம். வேலை முடிந்து அலுத்துப்போய் வீட்டுக்குப் போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எந்த அம்புக்குறி வெர்னாவைக் கவிழ்த்ததோ அதுதான் ஆர்லோவுக்குச் சோறு போட்டது.

முதல் வரைவில் அவனை வில்லனாக்கினேன். பொருந்தவில்லை. இரண்டாவது வரைவில் தங்கமான மனிதனாக்கினேன். அது இன்னும் மோசம். பனி கொட்டினால் தன் கடை எல்லை வரைக்கும் மட்டும் வாரிவிட்டு, வெர்னாவின் வாசல் தொடங்கும் இடத்தில் கோடு கிழித்தாற்போல நிறுத்துகிறவன் அவன். கேட்டால், "அது அவ பனி" என்பான்.

ஆனாலும், தினமும் சாயங்காலம் கார்களின் நெரிசல் ஓய்ந்ததும் வெர்னா கடையைப் பூட்டிவிட்டு, விற்காத டோனட்டை ஒரு பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவாள். இருவரும் பீர்ப் பெட்டிகளின் மேல் எதிரெதிரே உட்காருவார்கள்.

"என்னது, கல்லு மாதிரி இருக்கு."

"உன் பல்லுதான் பொய்ப்பல்லு. வலிக்கவா போகுது? தின்னு."

"இதை வெச்சு சுவரே கட்டலாம் வெர்னா."

"கட்டேன். உனக்கும் எனக்கும் நடுவுல."

ஆர்லோ இரண்டு தின்பான். மிச்சத்தை, தெரிந்த ஆள் யாராவது பீர் வாங்க வந்தால் அவன் மடியில் போடுவான். வீணாகப் போவதை எடுத்துக்கொள்வதில் அவனுக்குக் கூச்சம் இல்லை. எனக்குத் தெரிந்து இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் இருவரும் பெயர் எதுவும் வைக்கவில்லை. நானும் வைக்கப்போவதில்லை.

4

குழு ஒரு பெரிய படம் கொண்டுவந்து நூலகத்தில் மாட்டியது. வருங்கால ஐந்தாம் தெரு. பூத்தொட்டிகள். பலூன் பிடித்த குழந்தைகள். மெலிந்த மனிதர்கள் மெலிந்த நாய்களோடு நடந்து போனார்கள்.* தெருவின் நடுவில் மஞ்சள் கோடு. அதாவது நான்காம் தெருவும் ஐந்தாம் தெருவும் ஒருவழி ஒழிந்து இருவழியாகின்றன.

(* எங்கள் ஊரில் இவ்வளவு மெலிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். "இது ஒரு குறிப்புப் படம் சார்" என்றாள் கோர்ட்னி.)

வெர்னா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதில் பலூன் தெரியவில்லை. காலை வெயிலில், ஊருக்குள் வருகிற கார்கள் ஒவ்வொன்றாகத் தன் வாசலில் வேகம் குறைப்பது தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் காலைக் கார்களில் பாதி இந்தப் பக்கம் வந்தால், ஆர்லோவை வாழவைக்கிற சாயங்காலக் கார்களில் பாதி நான்காம் தெருவுக்குப் போய்விடும் என்பதும் அவளுக்கு உடனே புரிந்தது. (இது நானாக ஊகித்தது இல்லை. பிறகு அவளே சொன்னாள்.)

பக்கத்தில் நின்ற ஆர்லோ படத்தின் மேல் விரலை வைத்தான். அவனுடைய கொட்டகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் வரைந்திருந்தது.

"நான் மரமாயிட்டேன்."

"பத்து வருஷமா ஒரே இடத்துல நிக்கிறே. தப்பா நினைச்சிருப்பாங்க."

"இலையெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றான் ஆர்லோ. ஆனால் விரலை எடுக்கவில்லை.

5

நகர மன்றத்தில் ஆளுக்கு ஆள் பிரிந்து நின்றார்கள். தெருவில் கடை வைத்திருக்கிற ஒருவர் எழுந்து பேசினால் காரியம் நடக்கும் என்று குழு வெர்னாவைப் பிடித்தது. பொதுமக்கள் பேசும் நேரம் உண்டு. ஒலிவாங்கிக்கு முன்னால் போய்ப் பெயரும் விலாசமும் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் உட்கார வேண்டும். வெர்னா பெயர் கொடுத்தாள். அவளுக்கு அடுத்து ஆர்லோவும் கொடுத்தான்.

இந்த இடத்தை நான் எழுதியது இப்படி: வெர்னா எழுந்து, நண்பனுக்காக, தெருவை மாற்ற வேண்டாம் என்கிறாள். ஆர்லோ எழுந்து, வெர்னாவுக்காக, மாற்றத்தான் வேண்டும் என்கிறான். மன்றமே கண்ணைத் துடைக்கிறது.

[எழுதி முடித்துவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. மனிதர்கள் அப்படி இல்லை. இருந்தால் மன்றமே தேவைப்படாது. அடித்துவிட்டேன்.]

நடந்தது இது.

வெர்னா சொன்னாள்: "என் கடை காலைக் கடை. எனக்குக் காலைக் கார் வேணும். வரலேன்னா இந்தப் பனிக்காலத்தோட பூட்டிடுவேன். வேற சொல்ல ஒண்ணுமில்லை."

உட்கார்ந்தாள். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஆர்லோ சொன்னான்: "அவ சொன்னது நெசம். தெருவை மாத்தினா என் கடை படுத்துடும். அதுவும் நெசம். மாத்தாதீங்கன்னு கேட்டுக்கறேன். அப்புறம், அந்தப் படத்துல இருக்கற மரத்துக்கு யாரு தண்ணி ஊத்தப் போறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

சிரிப்பு எழுந்தது. ஒரே ஓட்டு அதிகமாக விழுந்து, தெரு இருவழியானது.

மூவரும் ஆர்லோவின் வண்டியில்தான் வந்திருந்தோம். அதிலேயே திரும்பினோம். நான் பின்சீட்டில் இருந்தேன்.

"பெல்ட்டைப் போடு" என்றான் ஆர்லோ.

"போட்டாச்சு."

வீடு வரைக்கும் பேச்சு இவ்வளவுதான். கதையில் இந்த இடத்தில் அவர்களை நிறையப் பேசவைத்திருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

6

கோடு போட்ட முதல் வாரம், ஊரே பழக்க தோஷத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்தது. இதைக் கேட்ட ஒருவர் எனக்கு யோசனை சொன்னார்: "வெர்னா மேல ஒரு காரை ஏத்திடுங்க. கதைக்கு ஒரு கனம் வரும்." நூலகத்தில் எழுத்துப் பயிற்சி நடத்துகிறவர். ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் காலையில் காப்பி குடிப்பது அவளிடம்தான்.

காலைக் கார்கள் வந்தன. சில நாளிலேயே மதியத்துக்குள் தட்டுகள் காலியாயின. வெர்னா கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போது அதில் தன் முகம் தெரிந்து திடுக்கிட்டாள். அவள் அறிந்து அந்தப் பெட்டி காலியானதே இல்லை. பக்கத்துக் கொட்டகையில் சாயங்காலம் ஆர்லோ பீர்ப் பெட்டி மேல் தனியாக உட்கார்ந்து தெருவைப் பார்த்தான். எப்போதாவது ஒரு கார் நுழைந்தது.

வெர்னா ஆறு டோனட்டை முன்கூட்டியே ஒதுக்கி, பெட்டியில் போட்டு எடுத்துப் போனாள். அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

"இது மிஞ்சினது இல்லையே."

"தின்னேன்."

"விக்கிற சரக்கை எனக்கு ஏன் கொண்டாறே? என்ன, தானம் பண்றியா?"

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். மறுநாள் நான் காப்பிக்குப் போனபோது பின்னறையில் ஹீட்டர் மேல் டோனட் வரிசையாகக் கிடந்தது. எதற்கு என்று கேட்டேன். "உன் வேலையைப் பாரு" என்றாள்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் நானும் இருந்தேன். ஆர்லோ ஒன்றை எடுத்துக் கடித்தான். மெதுவாக மென்றான்.

"இது இன்னிக்குப் போட்டது."

"நேத்து."

"வெர்னா."

"சரி, இன்னிக்கு. ஹீட்டர் மேல வெச்சிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"உனக்குப் புடிக்கிற அளவுக்குக் கெட்டுப்போற வரைக்கும்."

அவன் சிரிக்கவில்லை. மீதியைத் தின்றான். இன்னொன்றும் எடுத்தான்.

7

அப்போதுதான் அவன் சொன்னான். கொட்டகையை ஒரு ஆள் விலைக்குக் கேட்கிறான். சுவரில் கயிறு கட்டி ஏறி இறங்குகிற விளையாட்டுக் கூடம் வைக்கப்போகிறானாம். கொடுத்துவிட்டு ஃப்ளோரிடாவில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடலாமா என்று பார்க்கிறானாம்.

"சுவர் ஏறவா காசு குடுப்பாங்க?" என்றாள் வெர்னா.

"குடுக்கறாங்களாம்."

அவள் டோனட் பெட்டியை மூடினாள். பிறகு, அவனைப் பார்க்காமல், வாசலைப் பார்த்துப் பேசினாள்.

"காலையில என் வாசல்ல நிறுத்த இடமில்லாம பாதிப் பேர் போயிடறாங்க. உன் கொட்டாய் சும்மாத்தானே கிடக்கு. என் டோனட்டை இது வழியா விடு. காலையில என் சரக்கு, சாயங்காலம் உன் சரக்கு."

"என்னை வேலைக்கு வெச்சுக்கறியா?"

"கூட நில்லுங்கறேன்."

"இந்த வயசுல காலையில எழுந்திருக்கச் சொல்றே."

"நீ எழுந்துதான் இருக்கே. உன் சமையலறை விளக்கு எனக்குத் தெரியாதா?"

ஆர்லோ தன் கைகளைப் பார்த்தான். "யோசிக்கறேன்" என்றான்.

8

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவன் சரி என்கிறான். மேயர் ரிப்பன் வெட்டுகிறார். கொட்டகைக்குள் கார்கள் வரிசை கட்டுகின்றன. இதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். கோர்ட்னி மூக்கை உறிஞ்சினாள். "இதையே போட்டுடலாம் சார்."

இன்னொன்று: அவன் விற்றுவிட்டுப் போகிறான். வெர்னாவின் கடை நன்றாக நடக்கிறது. சாயங்காலம் அவள் கதவைப் பூட்டிவிட்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறாள். பயிற்சி நடத்துகிறவர் இதுதான் இலக்கியம் என்றார்.

இரண்டும் நன்றாகத்தான் வந்திருக்கின்றன. இரண்டையும் நான் போடப்போவதில்லை. ஏனென்றால் ஆர்லோ இன்னும் பதில் சொல்லவில்லை. பிடிவாதக்காரன், மெதுவாகத்தான் யோசிப்பான். அவன் வாய் திறப்பதற்குள் அவன் வாசலிலேயே பலகை நட்டு, அவன் என்ன செய்தான் என்று எழுதிவைத்தால், காலையில் கதவைத் திறக்க வருகிறவன் அதைப் படிப்பான். பிறகு அவன் எதைச் செய்தாலும் எனக்குக் கீழ்ப்படிந்ததாகவோ, என்னோடு சண்டை போட்டதாகவோ ஆகிவிடும். படத்தில் மரத்தை வரைந்தவர்கள் செய்தது போதும்.

கோர்ட்னி, இதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுவிடு. பூ எதுவும் வரையாதே.

படிக்கிறவர்களே, உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் ஒரு காலை நேரத்தில் ஐந்தாம் தெருப் பக்கம் வாருங்கள். எந்தத் திசையிலிருந்தும் வரலாம், இப்போது தடையில்லை. கொட்டகைக் கதவு திறந்திருந்தால் காரை உள்ளே விடுங்கள். எதுவும் கேட்காமல் ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டுக் காத்திருங்கள். அவன் எதை எடுத்து நீட்டுகிறானோ, வாங்கிக்கொள்ளுங்கள்.