இரண்டு கோடு, ஒரு புள்ளி

திலீபனைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கும் டீச்சர்களுக்கும் சேர்த்து மூன்று நாள் நாடகப் பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்தவன் அவன். மோகனப்பிரியா என்கிற என் பெயரை வந்த ஐந்தாவது நிமிஷம் 'மோ' என்று சுருக்கிவிட்டான். பதினோரு வருஷமாக இங்கே தமிழ் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர்கூட முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அதற்கு முந்தின வாரம் அவனுடைய நாடகத்தைப் பார்க்கப் பிள்ளைகளைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் இரண்டு பேர் ஒரு நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். முடிந்ததும் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டான். என் வகுப்புப் பெண் கவிப்ரியா எழுந்து, அந்த நாற்காலியில் ஏன் கடைசிவரை யாருமே உட்காரவில்லை என்றாள். அவ்வளவுதான், அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் சொல்வதுதான் வேதம். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் காத்திருந்த அப்பன்மார்கள் திட்டியது என்னைத்தான், அவனையில்லை.

பயிற்சியின் முதல் நாள் டீச்சர்களை எல்லாம் தரையில் இறங்கி மிருகம் மாதிரி நடக்கச் சொன்னான். கணக்கு டீச்சர் பூனை ஆனார். பி.டி. டீச்சர் ஒட்டகம் மாதிரி எதையோ செய்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் பக்கத்தில் வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தான்.

"உங்களுக்கு ஒரே மூஞ்சிதான் இருக்கு போல, மோ. கோவ மூஞ்சி. அதை வச்சிக்கிட்டு என்ன நடிக்க முடியும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய்யில்லை.

இரண்டாம் நாள், வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னான். அதற்கென்று ஒரு கதை இருக்க வேண்டுமாம். மூன்றாம் நாள் காலையில் நான் ஹாலுக்குள் போனபோது மேடைக்குக் கீழே நீள மேஜையில் கறுப்புத் துணி விரித்து எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தான். கரும்பு வெட்டுகிற கத்தி, ஒரு காது உடைந்த மூக்குக்கண்ணாடி, யாரோ ஒரு அப்பாவின் டிரைவர் லைசென்ஸ். எல்லாவற்றுக்கும் நடுவில், வெளிச்சம் விழுகிற இடத்தில், வெள்ளைப் பீங்கானில் ஒரு யானைக்குட்டி. சூளையில் தும்பிக்கை வளைந்து வயிற்றோடு ஒட்டிப்போயிருந்தது.

எனக்குப் பகீரென்றது. ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். டீச்சர் ட்ரெயினிங் போவதற்கு முன் இரண்டு வருஷம், எங்கள் ஊரில் பாதிப் பெண்களைப் போல நானும் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு செராமிக் யூனிட்டில் பினிஷிங்கில் இருந்தவள். ஈரப் பஞ்சால் பொம்மையைத் துடைத்து முடித்ததும், அடியில் ஊசியால் அவரவர் குறியைக் கீற வேண்டும். பொம்மை விரிசல் விட்டாலோ கோணினாலோ யாருடைய கை என்று தெரிவதற்காக. கோணிப்போனதை அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் கண்ணெதிரில் சுத்தியலால் உடைத்துப் போட வேண்டும். கோணலாக ஒரு பொம்மை முழுசாக வெளியே இருந்தால் அது திருட்டுப் பொருள். அதில் பேச்சே கிடையாது.

சுற்றிலும் பார்த்துவிட்டு யானையைக் கவிழ்த்தேன். இரண்டு கோடு, ஒரு புள்ளி. கவிப்ரியாவின் அம்மா பெரியநாயகியின் குறி; இந்த வேலையில் இருந்தவர்களுக்கு ஊரில் யார் குறி எது என்று தெரியும். அவள் ராஜமாணிக்கத்தின் யூனிட்டில் பதினைந்து வருஷமாக வேலை பார்ப்பவள். புருஷன் கிடையாது. போன வருஷம் இதே மாதிரி சோற்று டப்பாவில் ஒரு கோணல் வாத்துப் பொம்மையை வைத்து எடுத்துப்போன இரண்டு பெண்களை ராஜமாணிக்கம் கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு இந்த ஊரில் வேறு எந்த யூனிட்டும் அவர்களைச் சேர்க்கவில்லை.

திலீபனிடம் போய் யானையை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்றான். எடுத்துவிடுங்கள் என்று மறுபடியும் சொன்னேன். அந்த யானை தன்னையே கட்டிக்கொண்டு நிற்கிறது, கண்காட்சியின் உயிரே அதுதான், பிள்ளைகள் கொண்டுவந்ததைத் தணிக்கை செய்ய நான் யார் என்று கேட்டான். காரணத்தைச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பான், அவ்வளவு கெட்டவன் இல்லை. சொல்லவில்லை. அவனிடம் போய் நின்று எங்கள் ஊர் விஷயத்தை விளக்க எனக்கு வாய் வரவில்லை. நாடகம் முடிந்ததும் நானே எடுத்து அந்தப் பெண்ணின் பையில் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். வீம்பு என்றால் அதுதான் வீம்பு.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். நன்றாகவே போட்டார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. முடிகிற சமயத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலுக்கு ஓடினார். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டவரை ஒரு வார்த்தை கூப்பிட்டு வைத்தாராம், வந்துவிட்டாராம். வெள்ளை வேட்டியில் ராஜமாணிக்கம் உள்ளே வந்து கும்பிட்டார்.

திலீபன் அவரை நேராக மேஜைக்குத்தான் அழைத்துப்போனான். அவர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். ஒரு பித்தளைச் செம்பைக்கூடக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. கல்யாண வீட்டில் காப்பி கொடுத்தாலும் குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்ப்போம். பார்க்காமல் இருக்கக் கைக்குத் தெரியாது.

யானைக்கு இன்னும் மூன்று பொருள் இருந்தது. கவிப்ரியா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, தன் முறை வரப்போகிற சந்தோஷத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எடுத்ததும் எங்க அம்மா செஞ்சது என்று சொல்லப்போகிறாள். அதற்கும் அவசியமிருக்காது, அடியைப் பார்த்தாலே போதும்.

நான் நடுவில் புகுந்தேன். யானையை எடுத்தேன், அடிப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்தேன், சிமெண்டுத் தரையில் விட்டேன்.

கை தவறியது போல இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்படி இருக்கவில்லை, ஓங்கிப் போட்டது போலத்தான் இருந்தது. கவிப்ரியாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் குனிந்து முதலில் அந்த அடித் துண்டைத் தேடி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

"பாத்து டீச்சர், கையில ஏறிடப் போவுது," என்றார் ராஜமாணிக்கம். தும்பிக்கைத் துண்டு ஒன்று அவர் செருப்பண்டை கிடந்தது. "நம்மூரு பொம்மையா?"

"பாண்டிச்சேரியில வாங்குனதுங்க," என்றேன்.

திலீபன் முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "இல்ல சார். இது இந்தப் பொண்ணோட அம்மா…" என்று ஆரம்பித்தான்.

"நீ வாய மூடு," என்றேன்.

அதோடு நான் நிறுத்தவில்லை. மூன்று நாள் வயிற்றில் கிடந்ததெல்லாம் வந்தது. டீச்சர்களைத் தரையில் தவழவிட்டு வேடிக்கை பார்க்க நீ யார் என்று கேட்டேன். என் பெயரை நறுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன். நாற்காலியைச் சுற்றுவதற்குப் பெயர் நாடகமா என்று கேட்டேன். அவனை இன்னொரு வார்த்தை பேசவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் பேசப்பேச இனித்தது. அதை மறைக்க மாட்டேன். ராஜமாணிக்கம் சங்கடப்பட்டுக்கொண்டு, வேலை இருக்கிறது, போயிட்டு வரேன் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் கார் கேட்டைத் தாண்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வாயை மூடினேன். உள்ளங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

திலீபன் அன்றே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுப் போனான். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ நீட்டினார். 'கோபத்தில் நடந்துவிட்டது' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். வேறு எதை எழுதுவது?

திங்கட்கிழமை மத்தியானம் பெரியநாயகி வந்தாள். யூனிட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், முந்தானையெல்லாம் வெள்ளை மாவு. கவிப்ரியா பின்னாலேயே வந்து வகுப்பு வாசலில் நின்றாள். எனக்கு நல்ல பாட்டு விழப்போவதைப் பார்க்க வந்தவள் மாதிரி நின்றாள்.

"எம்பொண்ணு மூணு நாளா சரியா சோறு துன்னல டீச்சர்," என்றாள் பெரியநாயகி. "எனக்குத் தெரியாம எடுத்தாந்துட்டா, தப்புதான். அதுக்குன்னு ஒடைப்பீங்களா? அந்த ஆளு மேல கோவம்னா அவன அடிக்கறது. புள்ள பொருளு என்னா பண்ணுச்சு உங்கள?"

கவிப்ரியாவை ஆபீஸில் போய் வருகைப் பதிவேட்டை வாங்கிவரச் சொன்னேன். முறைத்துக்கொண்டே போனாள். மேஜை டிராயரைத் திறந்து, தாளில் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துப் பெரியநாயகியின் முன்னால் வைத்தேன்.

அவள் இரண்டு கோட்டையும் புள்ளியையும் பார்த்தாள். கையால் தொடவில்லை.

"மொதலாளி வந்திருந்தாரா?"

"கைக்கெட்டுற தூரத்துல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். என் உள்ளங்கைக் கட்டைப் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்து, தரையில் வைத்து, மேஜை மேலிருந்த பேப்பர்வெயிட்டால் நாலு தட்டுத் தட்டினாள். யூனிட்டில் தட்டுகிற அதே தட்டு. குறி தூளாகிப் போனது.

"அவகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"சொல்லாதீங்க. அவ வாயில ஒண்ணும் நிக்காது. மொதலாளி அண்ணன் பொண்ணு இதே வகுப்புலதான் இருக்குது." எழுந்தாள். "உங்க மேல கோவமாவே இருந்துட்டுப் போவட்டும்."

கவிப்ரியா பதிவேட்டோடு வந்து வாசலில் நின்றாள். பெரியநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். டீச்சர் என்ன சொன்னார் என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது.

"என்னா சொல்லுவா. திமிரு புடிச்சவ. நீ வா," என்றாள் பெரியநாயகி, எனக்குக் கேட்கும்படி சத்தமாக.

கவிப்ரியா திரும்பி என்னைப் பார்த்தாள். இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன் என்கிற பார்வை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் உதட்டைக் கடித்து, புருவத்தை நெரித்து, அவளைப் பதிலுக்கு முறைத்தேன். அந்தக் கோவ மூஞ்சியை நான் நடித்துக் காட்டியது அன்றைக்கு மட்டும்தான்.