குட்டுவதற்கு முன்பே குனிகிறவர்

குட்டக் குட்டக் குனிகிறவனைப் பார்த்திருக்கிறோம். குட்டுவதற்கு முன்பே தலையை நீட்டிக் காட்டுகிறவரை அல்லவா அவள் கட்டிக்கொண்டாள்!

இருவருக்கும் ஒரே தையல் பட்டறையில் வேலை. அவள் மெஷினில், அவர் துணி வெட்டும் மேசையில். தலைமை கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போகிறார். அந்த இடத்துக்கு ஆள் கேட்டு முதலாளி இன்று வருவார்.

"'நான் செய்றேன் சார்'னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க," என்று காலையில் பேருந்திலேயே படித்துப் படித்துச் சொன்னாள். மண்டையை மண்டையை ஆட்டினார்.

முதலாளி வந்தார். "நீ பார்த்துக்கிறியாப்பா?"

"ஐயோ, எனக்கென்ன சார் தெரியும்? தம்பி என்னைவிடச் சுறுசுறுப்பு," என்று பக்கத்தில் நின்றவனைக் காட்டினார் மகராசன். அவனுக்குப் பட்டறையில் சவடால் என்று பெயர். கத்தரிக்கோலைவிட வாய் நீளம்.

"அப்ப சரி, அவனே பார்க்கட்டும்," என்றார் முதலாளி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினை விட்டு எழுந்தாள்.

"சார், போன மாசம் வெல்வெட் கோட்டுக்குத் துணியைத் தலைகீழா வெட்டினது இவன். வெல்வெட் ரோமம் திசை மாறிப்போய், கோட்டுல ஒரு கை மின்னுது, இன்னொரு கை கறுக்குது. ஒவ்வொரு துண்டா மறுபடி வெட்டி ஆர்டரைக் காப்பாத்தினது என் வீட்டுக்காரர்."

சவடால் முகம் வெளிறிவிட்டது. முதலாளி கணவர் பக்கம் திரும்பினார். "உண்மையா?"

ஒரே ஒரு 'ஆமா'. அது போதும். அவள் கணவரையே பார்த்தாள்.

"அவ ஏதோ கோவத்துல பேசறா சார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் சரி பண்ணோம். நான் என்ன பெருசா செஞ்சுட்டேன்..."

பாவி! தன்னைத் தாழ்த்திக்கொள்ள ஆசைப்பட்டுப் பெண்டாட்டியைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். பத்துப் பெண்கள் முன்னால்.

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அவர் கதவைத் தாண்டக்கூட இல்லை, அதற்குள் புது மாஸ்டர் சவடாலுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

"அக்கா, இங்க உக்காந்து ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கொடுக்க வேணாம். உங்க மெஷினைக் கடைசி வரிசைக்கு மாத்துங்க."

"போடா!" என்று கணவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று இன்னமும் அந்த அசட்டு மனசு எதிர்பார்த்தது.

அவர் வந்தார். யாரும் கூப்பிடாமலே வந்தார். குனிந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் தூக்கு," என்றார் மெதுவாக.

"கையை எடுங்க," என்றாள் அவள். "நானே தூக்கிக்கிறேன்."