பால் குடிக்காத லிகிதா

விவேக் நகரில் இருந்த அந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில், மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் பால் வரும். குடித்துவிட்டுக் குழந்தைகள் பாயில் வரிசையாகப் படுப்பார்கள். சுப்ரியா பாடுவாள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கூடமே அடங்கிவிடும்.

சுப்ரியா பியூசி இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு மழலையர் ஆசிரியை வேலை கற்றுத்தரும் வகுப்பு ஒன்று ஆஸ்டின் டவுனில் மாலைதோறும் நடந்தது. அதன் பயிற்சிக்காகத்தான் தசரா விடுமுறையில் அவளை இங்கே அனுப்பியிருந்தார்கள். வேறெதுவும் அவளுக்குக் கைகூடவில்லை. கதை சொன்னால் பாதியில் எழுந்து ஓடினார்கள். களிமண் உருட்டச் சொன்னால் வாயில் போட்டுக்கொண்டார்கள். நமக்கு இந்த வேலை லாயக்குதானா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசிப்பாள். பாட்டு மட்டும்தான் அவளைக் காப்பாற்றியது.

"ஒன் கொரல்ல என்னமோ இருக்கு பாப்பா," என்பார் காப்பகத்தை நடத்தும் ஜூலியா மிஸ்.

ஆனால் லிகிதா தூங்க மாட்டாள். இரண்டரை வயது. பாலை வாயில் வைத்ததுமே துப்பிவிடுவாள். எல்லோரும் தூங்க, அவள் மட்டும் உட்கார்ந்து சுப்ரியாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாட்டு நின்றால் "இன்னொண்ணு" என்பாள். சுப்ரியாவுக்கு அது தன் தோல்வியாகவே பட்டது.

"வெள்ளிக்கெழம ஒங்க டிரெய்னிங் மேடம் பாக்க வராங்க," என்றார் ஜூலியா மிஸ். "அதுக்குள்ள அவளத் தூங்க வெச்சிரு, ஒனக்கு நல்லபடியா எழுதிக் குடுக்குறேன். மொதல்ல பாலக் குடிக்க வை. வயிறு நெறஞ்சா தன்னால தூங்குவா."

மறுநாள் சுப்ரியா பாலில் வெல்லம் கரைத்தாள். லிகிதாவை மடியில் வைத்து, காக்காவுக்கு ஒரு வாய், பூனைக்கு ஒரு வாய் என்று ஊட்டினாள். டம்ளர் காலியானது. முதல் பாட்டிலேயே குழந்தையின் தலை அவள் தோளில் சாய்ந்தது.

காலி டம்ளரோடு சமையலறைக்கு ஓடினாள். ஆயா ரமா பால் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரமாக்கா, லிகிதா தூங்கிட்டா! என் பாட்டுக்கு!"

"ஆமாமா, பெரிய பாட்டுக்காரி," என்று சிரித்த ரமா, டம்ளரைப் பார்த்ததும் நிறுத்தினாள். "முழுசா குடிச்சிட்டாளா?"

"ஏங்க்கா?"

ரமா கண்ணால் அலமாரியைக் காட்டினாள். சளி மருந்துப் பாட்டில் ஒன்று பிசுபிசுப்பாக நின்றது. "எல்லாப் பால்லயும் ஊத்துறதுதாம்மா. மிஸ் சொன்னது. பின்ன, இத்தினி புள்ளைங்க ஒரே நேரத்துல தூங்குமா? லிகிதா துப்பிடுது, துப்புனது போக மிச்சமாவது உள்ள போவட்டும்னு அதோட டம்ளர்ல மட்டும் கூட ஊத்தச் சொன்னாங்க."

சுப்ரியா கூடத்துக்குத் திரும்பினாள். யாரும் புரண்டு படுக்கவில்லை. ஒரு பையனின் உதட்டில் ஈ ஊர்ந்தது, அவன் முகம் சுளிக்கவில்லை. லிகிதாவின் உள்ளங்காலைச் சுரண்டினாள். கன்னத்தைத் தட்டினாள். இமை லேசாகத் திறந்து வெள்ளை தெரிந்தது. மூச்சு வந்தது. அடுத்தது வர வெகுநேரமானது.

"ஏன் எழுப்புற?" ஜூலியா மிஸ் வாசலில் நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம் மிஸ்."

"போய் என்னன்னு சொல்லுவ? ஒன் மடில வெச்சு, ஒன் கையால குடுத்த. நான் பாத்தேன். ரமாவும் பாத்தா. டீச்சராகணும்னு ஆச இருக்கா, இல்லியா?" அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை. ஒரு குழந்தையும் அசையவில்லை.

சுப்ரியா தயங்கினாள். அவர் சொன்னதில் பொய்யில்லையே. பிறகு குழந்தையையும் அதன் பையையும் வாரியெடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. பையில் ஒட்டியிருந்த லிகிதாவின் அம்மாவின் எண்ணைத் தன் போனில் ஒரு கையால் அழுத்தினாள்.

"அக்கா, காப்பகத்துலேந்து சுப்ரியா பேசுறேன். ஆம்புலன்ஸ் கூப்புட்டு ஒடனே வாங்க. லிகிதா எந்திரிக்க மாட்டேங்குறா. பால்ல மருந்து கலந்திருக்காங்க."

"மருந்தா? யாரு குடுத்தது?"

பின்னால் ஜூலியா மிஸ்ஸின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"நான்தான்க்கா குடுத்தேன்," என்றாள் சுப்ரியா. "இங்க எல்லாக் கொழந்தைங்களும் அதத்தான் குடிச்சிருக்கு."

போனைக் கீழே போட்டுவிட்டு, கேட்டுக் கம்பியை ஒரு கையால் இறுகப் பற்றிக்கொண்டு, குழந்தையின் மூக்கருகே காதை வைத்தாள்.