ஆறாம் பிரிவு

லண்டன் ஸ்ட்ரெதமில் இருந்த ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்தின் யாப்பு, அதாவது அதன் விதித்தொகுப்பு, குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்றது. அதைக் கணவன்மார்தான் போட்டார்கள். தாதியாக வேலைசெய்த மெற்றில்டா தனியாள் என்பதால் அவளுக்கு வாக்கிருந்தது. சங்கத்தின் ஞாயிறு பள்ளியை ஆண்டுக்கணக்காக நடத்திவந்த அவளுடைய சிநேகிதி சிவமலருக்கு இல்லை. 1994இல் இதை மாற்றியே தீருவது என்று மெற்றில்டா கிளம்பினாள். யாப்பில் கைவைக்க விசேட மாநாடு கூட்டவேண்டும். கூட்டலாமா என்று முதலில் உறுப்பினர்கள் வாக்களிக்கவேண்டும்.

தலைவர் குருமூர்த்தி வீடு தேடி வந்து அவளை மறித்தார்.

"பிள்ளை, நீ கேக்கிறது நியாயம். ஆனால் மாநாடு கூடினால் இதை மட்டும் திருத்துங்கோ எண்டு சொல்லேலாது. முழு யாப்பும் மேசைக்கு வரும்."

"வரட்டுமே அண்ணை. என்ன பயம்?"

"புதுசாச் சேர்ந்த பெடியளைப் பார்த்தனியே? ஒருத்தனும் ஸ்ட்ரெதம் ஆள் இல்லை."

பதவி போய்விடும் என்று பயப்படுகிறார், அவ்வளவுதான் என்று மெற்றில்டா நினைத்தாள். வீடுவீடாக ஏறி இறங்கினாள். மாநாடு கூட்டலாம் என்றே முடிவானது. புதியவர்களின் கைகள் எல்லாம் ஒன்றாக உயர்ந்ததைத் தன் வெற்றியாக எண்ணி மகிழ்ந்தாள்.

மாநாடு ஞாயிறு பிற்பகலில், தேவாலய மண்டபத்தில் நடந்தது. பின்வரிசைகளை அந்தப் புதியவர்களே நிரப்பியிருந்தார்கள். பெண்களுக்கான வாக்கு எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. சிவமலர் மெற்றில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உடனே பின்னாலிருந்து சூசைதாசன் என்பவன் எழுந்தான்.

"ஆறாம் பிரிவை யாப்பிலையிருந்து எடுக்கவேணும்."

சங்கம் எந்த அரசியல் அமைப்பையும் இயக்கத்தையும் சாராது, எவரும் அரசியலுக்குச் சங்கத்தின் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்பதுதான் ஆறாம் பிரிவு. குருமூர்த்தி பேச எழுந்தார். யாரும் கத்தவில்லை. பின்வரிசைகள் முழுவதும் பேசாமல் எழுந்து நின்றன. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"எடுக்கச் சம்மதமான ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

முன்வரிசையிலும் கைகள் எழுந்தன. சிவமலர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு, சற்றுமுன் கிடைத்த வாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு அவர்களுக்கே கொடுத்தாள்.

"எதிர்?"

மெற்றில்டா கையை உயர்த்தினாள். குருமூர்த்தியின் கை மடியிலேயே கிடந்தது.

முடிந்ததும் சூசைதாசன் தேத்தண்ணிக் கோப்பையோடு அவளிடம் வந்தான்.

"அக்கா, நீங்கள் இல்லாட்டி இந்த மாநாடே கூடியிராது. பெரிய உபகாரம்." சிரித்தான். "தம்பி வெள்ளவத்தையிலைதானே? சுகமாய் இருக்கிறாரோ?"

தம்பியைப் பற்றிச் சங்கத்தில் ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போனதும் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தாள். தம்பி உற்சாகமாகத்தான் பேசினான்.

"ஓம் அக்கா, சுகம். போன கிழமை உங்கட சிநேகிதர் எண்டு ரெண்டு பேர் வந்தவை. நல்ல மரியாதையான ஆக்கள். வாசலிலை என்னைப் படமும் எடுத்தவை."

"இப்பவே அந்த வீட்டை விட்டு வெளிக்கிடு," என்றாள் மெற்றில்டா.

"எங்கை போறது?"

"எங்கையெண்டாலும் போ. எனக்கும் சொல்லாதை."